டிராலி வாங்கும்போது முதலில் குனிந்து சக்கரத்தைப் பாருங்கள்

போன மாதம் மறுபடியும் அதே மாதிரி ஒரு போன். இந்த முறை ஒரு கல்லூரி விடுதி மெஸ். மதியச் சாப்பாட்டு நேரம். சாம்பார் அண்டாவை டிராலியின் மேல்தட்டில் ஏற்றி, முன்னால் நின்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறார் ஒரு தம்பி. சமையலறை வாசலில் வடிகாலுக்கு மேல் போட்ட கம்பி மூடியின் இடுக்கில் முன்சக்கரம் சிக்கியது. வண்டி சட்டென்று நிற்க, அண்டா அவர் பக்கமாகவே சரிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெந்துபோயின. இந்த வருஷத்தில் எனக்குத் தெரிந்தே இது மூன்றாவது.

ஹோட்டல், மருத்துவமனை, விடுதி என்று பெரிய சமையலறைகளுக்கு உபகரணங்கள் அமைத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் தொழில். மறுநாள் அங்கே போய்ப் பார்த்தேன். பளபளவென்று நல்ல டிராலிதான். அதன் அடியில் மூன்று அங்குல நைலான் சக்கரம், விரல் அகலம்கூட இல்லை. நான்கில் ஒன்று தரையைத் தொடவே இல்லை. நிர்வாகத்தில் ஒருவர் சொன்னார்: “சார், நாங்க ஒரிஜினல் 304 எவர்சில்வர்தான் வாங்கினோம். காந்தம் வெச்சுப் பார்த்துத்தான் வாங்கினோம்.”

இந்தக் காந்தத்தைப் பற்றி எத்தனை முறை சொல்வது! காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. 304-இல் நிக்கல் ஏறக்குறைய 8 சதவீதம் இருக்கும். 202 என்ற மலிவான ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது. 430 போன்ற ரகங்களை மட்டும்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும். அசல் 304 தகட்டையே மடக்கி வளைத்த மூலைகளில் காந்தம் லேசாகப் பிடிப்பதுண்டு. அதைப் பார்த்து நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு 202-ஐ வாங்கி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கிரேடு, அதாவது எந்த ரகம் என்று தெரியவேண்டுமென்றால் தகட்டின் டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள், இல்லையென்றால் ஒரு துண்டை லேபில் கொடுங்கள்.

அப்புறம், கேஜ், அதாவது தகட்டின் தடிமனைச் சொல்லும் எண். எண் பெரிதானால் தகடு மெல்லிசு. 16 கேஜ் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9 தான். “20 கேஜ் போட்டுத் தர்றேன் சார், ஸ்ட்ராங்கா இருக்கும்” என்று ஒரு கடைக்காரர் என் முன்னாலேயே சொன்னார்.

சரி, 304-ஆகவே இருக்கட்டும். கிரேடு என்பது துரு பிடிக்குமா பிடிக்காதா என்பதற்குப் பதில். வண்டி கவிழுமா என்பதற்கு அது பதில் இல்லை. அந்தப் பதில் சக்கரத்தில் இருக்கிறது, உங்கள் தரையில் இருக்கிறது.

ஆகவே கொட்டேஷன் வாங்கும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு டிராலி போகிற வழி முழுக்க நடந்து பாருங்கள். வடிகால் மூடியின் இடுக்கு எவ்வளவு, நிலைப்படி எவ்வளவு உயரம், லிஃப்ட் வாசலில் எவ்வளவு இடைவெளி, கதவு எவ்வளவு அகலம், சாய்தளம் எங்கே என்று எழுதிக்கொள்ளுங்கள். சூடான அண்டா ஏற்றும் வண்டிக்கு ஐந்து அங்குலத்துக்குக் குறைந்த சக்கரத்தை நான் பரிந்துரைப்பதே இல்லை. விலை வித்தியாசம் கொஞ்சம் வரும், வரட்டும்.

பாரக் கணக்கும் போடுங்கள். 50 லிட்டர் சாம்பார் என்றாலே 50 கிலோவுக்கு மேல், அண்டாவோடு 60. சோறு ஒரு 40, ரசம் 50, வண்டி 30. மொத்தம் 180 கிலோ. இதை நான்கால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். மேடுபள்ளமான தரையில் ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில்தான் இருக்கும். ஆக, ஒவ்வொரு சக்கரமும் 60 கிலோ தாங்க வேண்டும்.

எண்ணெய் சிந்துகிற இடத்தில் சாதாரண ரப்பர் சக்கரம் ஊறி உப்பிவிடும், அங்கே பாலியூரித்தேன் பாருங்கள். மருத்துவமனை வார்டுக்கு நைலான் வேண்டாம், ராத்திரியில் அந்தச் சத்தம் நோயாளியை எழுப்பிவிடும். நான்கும் திரும்பும் சக்கரமாக இருந்தால் சாய்தளத்தில் வண்டி பக்கவாட்டில் ஓடும். இரண்டு திரும்பட்டும், இரண்டு நேராகவே நிற்கட்டும். பிரேக் இரண்டிலாவது இருக்க வேண்டும். மேல்தட்டைச் சுற்றி விளிம்பு இல்லாத வண்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு வாரம் ஒருமுறை வண்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைப் பாருங்கள். அந்த மெஸ் டிராலியின் அச்சிலிருந்து நான் கத்தியால் அறுத்து எடுத்தது ஒரு கைப்பிடி இருக்கும். சாக்கு நூல், வாழைநார், தலைமுடி, எல்லாம் எண்ணெயில் இறுகிப்போய்க் கிடந்தது. அந்தச் சக்கரம் எத்தனை நாளாகச் சுற்றாமல் இழுபட்டுக்கொண்டிருந்ததோ.

கனமான அண்டா எப்போதும் கீழ்த்தட்டில்தான். முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், மூடியைக் கட்டுங்கள். வண்டியைப் பின்னால் நின்று தள்ளுங்கள், முன்னால் நின்று இழுக்காதீர்கள். குப்பை ஏற்றும் வண்டியில் சோற்றை ஏற்றாதீர்கள், கழுவிவிட்டோம் என்று சொன்னாலும் கூடாது.

மேனேஜர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி தள்ளுகிறவரை ஒருநாள் கூப்பிட்டு, எங்கே சிக்குகிறது என்று கேளுங்கள். அந்தத் தம்பி ஊர்விட்டு ஊர் வந்து வேலை செய்கிறவர். அந்த இடுக்கில் தினமும் சக்கரம் மாட்டுவது அவருக்குத் தெரியும். சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து சொல்லாமல் இருந்திருக்கிறார்.

இன்னொன்று. காலில் சாம்பார் கொட்டியதும் பக்கத்தில் இருந்தவர்கள் இட்லி மாவை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுத்தபோதுதான் அவர் அதிகம் கத்தினார் என்று கூட இருந்தவர் சொன்னார். மாவு, பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் வேண்டாம். 60 டிகிரிச் சூடு சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பார் அதைவிட எவ்வளவோ அதிகம். நனைந்த துணியை உடனே கழற்றுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் விட்டுவிடுங்கள். கொலுசு, மெட்டி, கயிறு இருந்தால் வீங்கும் முன் எடுத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் காலில் ஓடவிடுங்கள், ஆட்டோவோ ஆம்புலன்ஸோ வருகிற வரைக்கும் யாராவது ஒருவர் குழாய்ப் பக்கத்திலேயே நில்லுங்கள்.