கிதார் கலைஞர்களை வரிசைப்படுத்தினால் ஏன் சண்டை வருகிறது?

அமெரிக்க ராக் கிதார் கலைஞர் டுவேன் ஆல்மேன் 1971இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 24. அதற்கப்புறம் அவர் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. ஆனாலும் ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் மாபெரும் கிதார் கலைஞர்கள் பட்டியலில் அவர் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2003இல் 2ஆம் இடம், 2011இல் 9, 2023இல் 10. இன்னொரு ராக் கலைஞரான எடி வான் ஹேலனுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர்: முதலில் 70, பிறகு 8, பிறகு 4.

எழுபதிலிருந்து நான்குக்கு வருவதற்கு அவர் புதிதாக எதையும் சாதிக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய பெயரை நிலைநாட்டிய முதல் ஆல்பம் 1978இலேயே வந்துவிட்டது. 2003இல் அவரை 70இல் வைத்த அதே பட்டியல் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேனை 12இல் வைத்தது. விரல் வேகத்தில் இருவரையும் ஒப்பிடவே முடியாது என்பது கோபேனின் ரசிகர்களுக்கும் தெரியும். அந்தப் பட்டியல் வேறு எதையோ அளந்தது, அவ்வளவுதான். அது பத்திரிகையின் எழுத்தாளர் டேவிட் ஃப்ரிக் தயாரித்தது. 2011இல் கிதார் கலைஞர்களும் இசை வல்லுநர்களும் வாக்களித்தார்கள். 2023இல் மறுபடியும் பத்திரிகையின் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் உட்கார்ந்து 250 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பதிவுகள் அப்படியேதான் இருக்கின்றன. அளவுகோல்தான் கைமாறியது.

இந்த வாதங்களில் எதிராளிக்குக் காது சரியில்லை என்று சொல்வது வழக்கம். அது அநியாயம் என்பது என் கருத்து. நல்ல காது உள்ள, நேர்மையான இருவர்கூட ஒத்துப்போக முடியாத காரணங்கள் இந்த வேலைக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் வாசிப்பையே பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ப்ளூஸ் இசைக் கலைஞர் பி.பி. கிங் ஒரு சுரத்தைப் பிடித்து, கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளுகிறார். கம்பி இறுகுகிறது, சுரம் ஏறுகிறது. கம்பியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். ஆக, சுரத்தை இரண்டு ஃப்ரெட் (கிதாரின் கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் உலோகப் பட்டை) உயரத்துக்கு ஏற்ற, அதாவது அதிர்வெண்ணை 12 சதவீதம் கூட்ட, இழுவிசையை 26 சதவீதம் கூட்ட வேண்டும். எலெக்ட்ரிக் கிதாரின் மெல்லிய முதல் கம்பியே பொதுவாக ஏழு கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு இறுக்கத்தில் இருக்கும். அதை விரல் நுனியால் ஒன்பது கிலோ வரை கொண்டுபோய், மிகச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதற்கு ஃப்ரெட்டில் குறி எதுவும் கிடையாது, காது மட்டும்தான் வழிகாட்டி. நிறுத்திய பிறகு மணிக்கட்டை அசைத்து அந்த ஒரே சுரத்தை நடுங்கவிட வேண்டும். அந்த நடுக்கத்தைக் கேட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். கார்டு வாசிப்பு, அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து வாசிப்பது, தனக்கு வராது என்று வெளிப்படையாகச் சொன்ன மனிதர் அவர்.

இன்னொரு பக்கம் நொடிக்கு 12 சுரம் வாசிக்கும் ஒருவர். ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 83 மில்லி நொடி. அதற்குள் இடது கை கம்பியை அழுத்த வேண்டும், வலது கையில் பிடித்திருக்கும் பிக் என்ற சிறு தகடு அதே கணத்தில் அதைத் தட்ட வேண்டும். ஒரு கை கொஞ்சம் முந்தினாலும் சுரம் மழுங்கிப்போகும். இதுவும் பல வருட உழைப்பு. ஆனால் கிங்கின் நடுங்கும் ஒற்றைச் சுரத்தையும் இந்த ஓட்டத்தையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

கணக்கு இங்கேதான் நுழைகிறது. ஒருவர் எல்லா அளவிலும் இன்னொருவரை மிஞ்சினால் வாதமே எழாது. வேகம் ஒன்றை மட்டும் அளந்தால் யாரையும் யாருக்கும் மேலோ கீழோ வைத்துவிடலாம். அப்புறம் ஒலியின் அழகு என்று இரண்டாவது அளவைச் சேர்க்கிறோம். ஒவ்வொரு அளவிலும் யார் மேல் என்பது நாணயம் சுண்டியது போலத் தனித்தனியாக அமைகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு அளவிலும் ஒருவரே முன்னால் இருக்கும் வாய்ப்பு பாதிதான். அதோடு புதுமை, தாளம், பிறர் மேல் தாக்கம் என்று ஐந்து அளவு வைத்தால் அது 16இல் ஒன்றாகிவிடும். பத்து அளவு வைத்தால் 512இல் ஒன்று.

நூறு பேர் பட்டியலில் 4,950 ஜோடிகள் இருக்கின்றன. ஐந்து அளவு என்றால் அதில் சுமார் 310 ஜோடிகளுக்கு மட்டுமே எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விடை உண்டு. மீதி எல்லாம் எந்த அளவுக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. உண்மையில் இந்தத் திறமைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் சேர்ந்தே வருபவை என்பதால் நிலைமை இத்தனை மோசம் இல்லை. ஆனால் அளவுகள் கூடக் கூட உறுதியான விடைகள் குறையும் என்பது மாறாது.

மதிப்பு கொடுப்பதும் லேசான காரியம் இல்லை. ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928இல் நடந்த தீ விபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிக்கப்பட்டன. அதன் பிறகு ஆளை அசத்தும் அவருடைய ஓட்டங்களைப் பெரும்பாலும் இரண்டே விரலால் வாசித்தார். அந்தத் தடையைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா, காதில் விழுவதை மட்டும் பார்க்க வேண்டுமா? நான் சேர்ப்பேன். சேர்க்கக் கூடாது என்பவரிடமும் நியாயம் இருக்கிறது.

சரி, ஒவ்வொருவரும் தனக்குள் ஒரு வரிசையை முடிவு செய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். எல்லோரிடமும் வாக்கு வாங்கிக் கூட்டினால் பொதுவான விடை கிடைத்துவிடாதா? எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். ஐந்து பேர் வாக்களிக்கிறார்கள். மூன்று பேரின் வரிசை: ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், கிங், ஜாங்கோ. இரண்டு பேரின் வரிசை: கிங், ஜாங்கோ, ஹெண்ட்ரிக்ஸ். முதல் இடத்துக்கு 2 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 1, கடைசிக்கு 0. கூட்டிப் பாருங்கள்: கிங் 7, ஹெண்ட்ரிக்ஸ் 6, ஜாங்கோ 2. கிங்தான் முதல்வர். இப்போது கடைசியில் இருக்கும் ஜாங்கோவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். யாருடைய ரசனையும் மாறவில்லை. ஆனால் ஹெண்ட்ரிக்ஸ் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்துவிடுகிறார். ஜெயிக்க வாய்ப்பே இல்லாத ஒருவர் போட்டியில் இருப்பதும் இல்லாததும் முதல் இடம் யாருக்கு என்பதைத் தீர்மானித்துவிட்டது. யாரையெல்லாம் பரிசீலித்தார்கள் என்பதைப் பெரும்பாலான பட்டியல்கள் சொல்வதே இல்லை.

புள்ளி முறையே வேண்டாம், இருவர் இருவராக மோதவிட்டுப் பார்க்கலாம் என்றால் அங்கே இன்னொரு சிக்கல். மூன்று ரசிகர்கள். முதலாமவர்: ஹெண்ட்ரிக்ஸ், கிங், ஜாங்கோ. இரண்டாமவர்: கிங், ஜாங்கோ, ஹெண்ட்ரிக்ஸ். மூன்றாமவர்: ஜாங்கோ, ஹெண்ட்ரிக்ஸ், கிங். ஹெண்ட்ரிக்ஸ் கிங்கை 2-1 என்று ஜெயிக்கிறார். கிங் ஜாங்கோவை 2-1. ஜாங்கோ ஹெண்ட்ரிக்ஸை 2-1! வரிசை வட்டமாகிவிட்டது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் கோந்தோர்சே 1785இலேயே இதை எழுதிவைத்தார். 1951இல் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ இன்னும் மேலே போனார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்களை வரிசைப்படுத்தும்போது, சாதாரண நியாயம் என்று நாம் எதிர்பார்க்கும் சில நிபந்தனைகள் அத்தனையையும் எப்போதும் நிறைவேற்றும் வரிசை முறை இருக்கவே முடியாது என்று நிரூபித்தார்.

வாக்களிப்பவரின் வயதுக்கும் இதில் பங்கு உண்டு. மக்கள் எந்தக் காலத்துப் பாடல்களை அதிகம் விரும்புகிறார்கள் என்று ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் ஆராய்ந்தார்கள். தங்களுக்கு ஏறத்தாழ 24 வயதாக இருந்தபோது பிரபலமாக இருந்தவற்றை என்று விடை வந்தது. திரும்பத் திரும்பக் கேட்பது பிடித்துப்போகும் என்பதை ராபர்ட் சயான்ஸ் 1968இலேயே சோதனைகளில் காட்டியிருந்தார். தேர்வுக் குழுவில் பத்து வயது இளையவர்கள் வந்து உட்கார்ந்தால் பட்டியலும் பத்து வருடம் நகரும்.

புதுமை விஷயத்தில் காலம் வேறு மாதிரி ஏமாற்றுகிறது. வான் ஹேலன் வலது கை விரல்களையும் ஃப்ரெட்களின் மேல் தட்டி வாசித்தபோது, ஒரே ஆள்தானா வாசிப்பது என்று கேட்டவர்கள் திகைத்தார்கள். எண்பதுகள் முழுக்க ஆயிரக்கணக்கானோர் அதையே செய்தார்கள். அந்த நகல்களைக் கேட்டு வளர்ந்தவருக்கு அசல் சாதாரணமாகத்தான் கேட்கும். ஒருவருடைய தாக்கம் பெரிதாகப் பெரிதாக அவருடைய தனித்தன்மை மங்குகிறது. இதைச் சரிசெய்ய, பதிவுகளை அவை வந்த வரிசையில் கேட்பது தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு குழப்பத்திலும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மூன்று பட்டியலிலும் முதல் இடத்தில் இருக்கிறார். எப்படி? 2006இல் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் வெளியிட்ட சோதனையில் இதற்கு ஒரு துப்பு கிடைக்கிறது. அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டவர்களைக் கேட்கவைத்தார்கள். ஒரு கூட்டத்தினர் பிறர் தேர்வைப் பார்க்காமல் கேட்டார்கள். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு உலகத்திலும் அங்குள்ளவர்கள் எந்தப் பாடலை எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்ற எண் கண்ணில் படும். எட்டு உலகத்திலும் எட்டு விதமான வெற்றிப் பட்டியல்கள் உருவாயின. மிகச் சிறந்தவை அரிதாகவே தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே ஜெயித்தன. நடுவில் இருந்தவை எங்கே வேண்டுமானாலும் போய் விழுந்தன.

ஹெண்ட்ரிக்ஸின் திறமையை நான் துளியும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர் முதல் இடத்தில் உறைந்திருப்பதில் அவருடைய விரல்களுக்கும் பங்கு உண்டு, முந்தைய பட்டியல்களுக்கும் பங்கு உண்டு. 38ஆம் இடத்துக்கும் 61ஆம் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நான் பொருட்படுத்துவதே இல்லை.

பட்டியலில் ஏற, முதலில் யாராவது கேட்டிருக்க வேண்டும். கிதார் வாசித்தபடி காஸ்பல் என்ற கிறிஸ்தவப் பக்திப் பாடல்களைப் பாடிய சிஸ்டர் ரோசெட்டா தார்ப் 1938இலிருந்தே பதிவுகள் வெளியிட்டவர். 1964இல் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக, கோட்டு போட்டுக்கொண்டு நடைமேடையில் நின்று எலெக்ட்ரிக் கிதார் வாசித்தார். எதிர் நடைமேடையில் ரசிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 1973இல் இறந்தார். 2003ஆம் ஆண்டுப் பட்டியலின் நூறு பேரில் அவர் பெயர் இல்லை, 2011இலும் இல்லை. அந்த ரயில் நிலையப் படப்பதிவு இப்போது யார் கைக்கும் எட்டுகிறது. 2023இல் அவருக்கு 6ஆம் இடம்.