இட்டேரியில் முட்டையிடும் வரியன்

வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் செல்லும் சாலையை விட்டு எங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்குப் பிரியும் இட்டேரியில், சென்ற புரட்டாசிக் கடைசியில், வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபுறமும் கிளுவை வேலி ஆளுயரம் நிற்க, நடுவே ஒரு மாட்டுவண்டி போகும் அகலத்துக்கு மண்தடம் செல்லும் வழியைத்தான் கொங்கு நாட்டில் இட்டேரி என்கிறோம். அந்தப் பெண் பூச்சி எருக்கின் இளம் இலையில் அமர்ந்து, குட்டையான முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டிச் சுவை பார்த்தது. பிறகு வயிற்றை வளைத்து, இலையின் அடிப்புறத்தில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போயிற்று. கசகசா அளவே இருந்த அந்த வெளிறிய மணியிலிருந்து சில நாட்களில் புழு வெளிவந்து, முதல் உணவாகத் தன் முட்டை ஓட்டையே தின்றது.

அதன்பின் அது செய்வதுதான் வியப்புக்குரியது. எருக்கின் பால் பசைபோல் ஒட்டக்கூடியது. சிறு புழுவின் வாயை அடைத்துக் கொன்றுவிடவும் வல்லது. எனவே புழு நேரே இலையைத் தின்பதில்லை. முதலில் இலையில் ஒரு பள்ளம் கீறியோ நரம்பைக் கடித்தோ பாலை வடியவிட்டு, வடிந்த பகுதியை மட்டும் தின்னத் தொடங்குகிறது. பாலில் உள்ள இதயத்தைத் தாக்கும் நஞ்சு புழுவின் உடலில் தேங்கி, கூட்டுப்புழுப் பருவத்தையும் கடந்து, சிறகு முளைத்த பூச்சிக்குள்ளும் தங்கிவிடுகிறது. அமெரிக்க உயிரியலாளர் லிங்கன் பிரவர் 1960களில் இதன் நெருங்கிய உறவினமான மொனார்க் வண்ணத்துப்பூச்சியைப் புளூ ஜே பறவைகளுக்குக் கொடுத்தபோது, அவை தின்ற சிறிது நேரத்தில் வாந்தியெடுத்தன. அதன் பிறகு அந்த ஆரஞ்சு நிறச் சிறகைக் கண்டாலே விலகின. வரியன்கள் அவசரமில்லாமல் மிதந்து பறப்பதற்கு இந்த நஞ்சே துணை.

மொனார்க்கும் நம் வெந்தய வரியனும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டின் புழுக்களும் கருப்பு, மஞ்சள், வெள்ளை வரிகளுடன் இருக்கும். மொனார்க் புழுவுக்கு இரண்டு இணை உணர்கொம்புகள், நம்முடையதற்கு மூன்று இணை. மொனார்க்கின் உணவுச்செடியான மில்க்வீடும் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பால்செடிதான். ஏறத்தாழ அரை கிராமே எடையுள்ள மொனார்க் கனடாவின் தெற்குப் பகுதியிலிருந்து மெக்சிகோவின் மலைக்காடுகள்வரை ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறக்கிறது. கோடையில் பிறக்கும் தலைமுறைகள் இரண்டு முதல் ஆறு வாரங்களே வாழ, இலையுதிர் காலத்தில் பிறக்கும் தலைமுறை மட்டும் இனப்பெருக்கத்தைத் தள்ளிவைத்து, எட்டு மாதங்கள்வரை வாழ்ந்து தெற்கே சென்று குளிர்காலத்தைக் கழிக்கிறது. வசந்தத்தில் அது வடக்கே திரும்பும் வழியில் முட்டையிட்டு மடிய, மீதிப் பயணத்தை அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முடிக்கின்றன.

அவை குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பதைக் கண்டறிந்ததில் ஊர்மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கனடாவைச் சேர்ந்த ஃப்ரெட் அர்குஹார்ட், நோரா அர்குஹார்ட் தம்பதியர் 1950களின் தொடக்கத்திலிருந்து தன்னார்வலர்களைச் சேர்த்து, பூச்சிகளின் சிறகுகளில் சிறு காகித அடையாளம் ஒட்டவைத்தார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் விவசாயிகளும் ஆண்டுக்கணக்கில் ஒட்டிய அந்த அடையாளங்கள் தென்மேற்கு நோக்கியே வழிகாட்டின. 1975 சனவரியில் கென் பிரக்கர், கட்டலினா அகுவாதோ என்ற இருவர் மெக்சிகோவின் ஒயமெல் ஃபிர் என்னும் ஊசியிலை மரக் காட்டில் கிளைகள் வளையும்படி மொனார்க்குகள் அடர்ந்து தொங்குவதைக் கண்டார்கள்.

அப்படித் தொங்கும் பூச்சிகளை எண்ண முடியாது. அவை மூடிய காட்டின் பரப்பைத்தான் அளக்கிறார்கள். 1996–97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேருக்குச் சற்று மேல் இருந்த அந்தப் பரப்பு, 2013–14இல் 0.67 ஹெக்டேராகச் சுருங்கியது. மெக்சிகோவில் நடந்த மரவெட்டும் தட்பவெப்ப மாற்றமும் இதற்குக் காரணங்கள். ஆனால் நம் ஊர் நிலையோடு ஒட்டிப் பார்க்கவேண்டிய காரணம் வேறொன்று. அமெரிக்காவின் மக்காச்சோளக் காடுகளிலும் சோயாக் காடுகளிலும் பயிர்வரிசைகளுக்கிடையேயும் வரப்புகளிலும் மில்க்வீட் தானாக முளைத்துக் கிடந்தது. 1990களின் நடுவிலிருந்து களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றப் பயிர்கள் பரவியபோது, பயிருக்குச் சேதமில்லாமல் நிலம் முழுவதும் மருந்தடிக்க முடிந்தது. மில்க்வீட் வயல்களிலிருந்து மறைந்துபோயிற்று. யாரும் அந்தப் பூச்சியைக் கொல்ல நினைக்கவில்லை. அது முட்டையிடும் செடி மட்டும் களை என்ற பெயரில் அழிந்தது.

இதை உணர்ந்த பிறகு அங்கே முயற்சிகள் ஓரங்களிலிருந்து தொடங்கின. டெக்சாஸ் முதல் மின்னசோட்டாவரை ஆறு மாநிலங்களின் நெடுஞ்சாலைத் துறைகள், ஐ-35 நெடுஞ்சாலையின் இரு ஓரங்களையும் மொனார்க்கின் வழித்தடமாகப் பேணுவதற்கு 2016இல் உடன்பட்டன. ஆனால் நல்ல மனத்தோடு செய்த ஒரு தவறும் அங்கே நடந்தது. நாமும் அதே தவற்றைச் செய்யக்கூடும் என்பதால் அதைச் சொல்லியாக வேண்டும். நர்சரிகளில் எளிதாகக் கிடைத்த வெப்பமண்டல மில்க்வீடை மக்கள் தோட்டந்தோறும் நட்டார்கள். உள்ளூர் மில்க்வீட் குளிர்காலத்தில் பட்டுப்போகும். இதுவோ வெதுவெதுப்பான தென்பகுதிகளில் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். அதனால் சில பூச்சிகள் வலசையையே விட்டுவிட்டன. செடி பட்டுப்போகாததால் பூச்சிகளின் சிறகிலிருந்து உதிரும் ஓர் ஒட்டுண்ணியின் வித்துகளும் இலைகளில் சேர்ந்துகொண்டே வந்து, புழுக்களை நோயாளிகளாக்கின. அந்த மண்ணுக்குரிய செடியை அதன் காலத்துக்கு ஏற்ப விட்டுவைப்பதே நல்லது என்று இப்போது அங்குள்ள ஆய்வாளர்கள் வலியுறுத்துகிறார்கள்.

கொங்கு நாட்டில் மொனார்க் இல்லை, வலசை உண்டு. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவை தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளுக்கும் நகர்கின்றன. வடகிழக்குப் பருவமழை நெருங்கும் புரட்டாசி, ஐப்பசியில் மேற்கே திரும்புகின்றன. கோவையிலுள்ள தி நேச்சர் அண்ட் பட்டர்ஃபிளை சொசைட்டியின் ஆர்வலர்கள் இந்த நகர்வைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து வருகிறார்கள். இரு மலைத்தொடர்களுக்கும் நடுவே கிடக்கும் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டத்து மேட்டுநிலங்கள்தாம் அவை கடந்தாக வேண்டிய வெளி. அந்த வெளியில் அவற்றுக்குத் தேனும் நிழலும் முட்டையிடச் செடியும் வேண்டும். இன்னொரு பொருளும் வேண்டும். வரியன்களின் ஆண்பூச்சிகள் கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் உள்ள, ஆல்கலாய்டு எனப்படும் ஒருவகைக் காரப்பொருளை உறிஞ்சித்தான் இணையை ஈர்க்கும் மணத்தை உருவாக்குகின்றன. பசுந்தாள் உரத்துக்காக நாம் விதைக்கும் சணப்பும் கிலுகிலுப்பை இனமே. ஒடிந்து காய்ந்த சணப்புத் தண்டை நீல வரியன்கள் நகங்களால் சுரண்டி, நீட்டிய உறிஞ்சுகுழலால் ஈரப்படுத்தி மீண்டும் உறிஞ்சுவதை மடக்கி உழுவதற்கு முந்தைய நாட்களில் காணலாம். எனவே சணப்பை உழும்போது ஓரத்தில் இரண்டு சால் விட்டுவைத்தால் செலவில்லாத உதவியாகும்.

முட்டையிடும் செடிகள் பெரும்பாலும் வேலியில்தான் இருக்கின்றன. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்துக் கொறங்காடு என்பது கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் சேர்ந்த மேய்ச்சல் நிலம். காங்கய மாடுகள் வளர்ந்த நிலமும் அதுவே. மாட்டை மடக்கி மேய்ப்பதற்காக எழுப்பிய அந்த உயிர்வேலி நாளடைவில் கொடிகளுக்கெல்லாம் பந்தலாயிற்று. வேலிப்பருத்தி, கொடிப்பாலை, முடக்கத்தான், பிரண்டை, கோவை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்க, அடியில் ஆடுதின்னாப்பாளை படர்ந்திருக்கும். நீல வரியனுக்குக் கொடிப்பாலை வேண்டும். சிவப்புடல் அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிக்கு ஆடுதின்னாப்பாளையையும் அதன் இனச் செடிகளையும் விட்டால் வேறு கதி இல்லை. வெண்புள்ளிக் கருப்பன் நன்னாரியிலும் அரளியிலும் ஆலிலும் முட்டையிடும். வேலியோரத்து ஆவாரையில் மஞ்சள் பூச்சிகள் வளரும். ஒவ்வொரு பூச்சிக்கும் அதற்கென்று சில செடிகளே என்ற இந்தக் கணக்கு கடுமையானது. பூந்தொட்டிகளில் பகட்டான பூக்களை வைத்தால் தேன் குடிக்க வரும். முட்டையிடச் செடி இல்லையென்றால் அங்கே அடுத்த தலைமுறை இல்லை.

அந்த வேலிகள் இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தால் பராமரிப்பு குறைவு என்பது உண்மை. அதற்காக விவசாயியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் இட்டேரியின் தென்பாதியைத் தடம் அகலப்படுத்துவதற்காக ஒரே நாளில் பொக்லைன் வைத்து வழித்தெடுத்தார்கள். ஒருபுற வேலியை மட்டும் வெட்டினாலே போதிய அகலம் கிடைத்திருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்வதற்கு எங்களில் ஒருவரும் அன்று அங்கே இல்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

வேலியை நம்பி வாழ்வது வண்ணத்துப்பூச்சி மட்டுமன்று. மூலனூர், அரவக்குறிச்சிப் பகுதியின் முருங்கையை எடுத்துக்கொள்வோம். முருங்கைப் பூவைத் திறந்து மகரந்தத்தைச் சரியாகச் சேர்ப்பதில் பெரிய கருந்தேனீக்கள் முதன்மையானவை; தச்சுத் தேனீ என்றும் சொல்லப்படும் இவையே எருக்கம்பூவிலும் மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் உப்புச்சாடியிலிருந்து வருவதுபோல் நுனி வழியே மட்டும் வெளிவரும். கருந்தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு, சிறகை விரிக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிட்டு மகரந்தத்தை உதிர்க்கின்றன. பூவருகே காதை வைத்தால் அந்த ரீங்காரம் பறக்கும் ஒலியைவிடக் கூர்மையாகக் கேட்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீயால் அப்படி அதிரச்செய்ய இயலாது. கருந்தேனீ கூடு குடைவது பட்ட மரத்திலும் மூங்கிலிலும். நீலப்பட்டைத் தேனீ கூடு வைப்பது மண்சுவரிலும் இறுகிய தரையிலும். தோட்டத்துப் பழைய சாளை வீட்டைப் பிரித்தவுடன் மூங்கிலை அடுப்புக்குப் போடாமல் வேலியோரம் சாய்த்துவைத்தால் இவை அங்கே குடியேறும்.

ஒரு வீடு தனியாகச் செய்வதைவிட ஊர் சேர்ந்து செய்வதில்தான் இதன் பலன் உண்டு. ஏனெனில் சிறு தேனீக்கள் கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே இரை தேடுகின்றன, துண்டுபட்ட வேலிகள் அவற்றுக்குப் பயன்படுவதில்லை. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் எழுதப்படவேண்டும். அந்தப் பதிவேட்டில் இட்டேரிகளின் நீளமும் அவற்றின் செடிகொடிகளும் ஏறிவிட்டால், தடம் போடும்போது எந்தப் பக்கத்தை விடுவது என்று கேட்க ஒரு காகிதமாவது இருக்கும். அக்டோபர் 2 கிராம சபை வலசைக் காலத்திலேயே வருகிறது. ஊரக வேலைத் திட்டத்தில் ஓரங்களைச் செதுக்கும்போது ஒரு பக்கத்தை இந்த ஆண்டும் மறுபக்கத்தை அடுத்த ஆண்டும் செதுக்கலாம். பூக்கும் பயிருக்கு மருந்தடித்தே தீரவேண்டுமென்றால் தேனீ கூடு திரும்பிய பொழுதில், சாயங்காலத்துக்குப் பிறகு அடிக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் ஒரே இட்டேரியில் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நடந்து, கண்ட பூச்சிகளைத் தேதியோடு எழுதிவந்தால், சில ஆண்டுகளில் வலசை எந்த வாரத்தில் அந்த ஊரைக் கடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வழித்தெடுத்த தென்பாதியில் சென்ற கோடையில் நானும் பங்காளிகளும் கிளுவைப் போத்துகளை முழத்துக்கு ஒன்றாக ஊன்றினோம். மழைக்கு முக்கால்வாசி தளிர்த்துவிட்டது. கொடிப்பாலையையும் வேலிப்பருத்தியையும் வடபாதியிலிருந்து விதையெடுத்து ஊன்றியிருக்கிறோம். எருக்கை நாங்கள் நடவில்லை. அதன் பஞ்சுவிதை காற்றில் வந்து இரண்டு போத்துகளுக்கு நடுவே முளைத்துக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டிருந்த வெந்தய வரியன் தன் அடுத்த முட்டையை வைத்தது அந்த முழ உயரக் கன்றில்தான்.