ஜெனரிக் மாத்திரையும் 80–125 கணக்கும்

செம்பூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: “பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டாயிற்று. அடுத்தடுத்து மற்ற நாடுகளும் வருகின்றன. அம்மாவுக்கு ஜன் ஔஷதி கடையில் வாங்கும் சர்க்கரை மாத்திரை விலை ஏறிவிடுமா?”

மெட்ஃபார்மின்தானே? அதன் காப்புரிமை எப்போதோ முடிந்துபோன கதை, ஒப்பந்தத்தால் ஏறாது. கவலை இனி வரப்போகும் மருந்துகளைப் பற்றித்தான்.

காப்புரிமைக் கதை பலருக்கும் தெரியும். 1970 சட்டத்தில் மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான். உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்துக்காக 2005 முதல் மருந்துக்கே 20 ஆண்டுக் காப்புரிமை வந்தது. சரி, காப்புரிமையே இல்லாவிட்டால் ஜெனரிக், அதாவது அதே மருந்தை வேறு கம்பெனி செய்யும் மலிவு மாத்திரை, உடனே கடைக்கு வந்துவிடுமா? வராது. மருந்துக் கட்டுப்பாட்டாளர் அனுமதிக்க வேண்டும்.

புது மருந்தை முதலில் கொண்டுவரும் கம்பெனி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நோயாளிகளிடம் சோதித்துக் காட்ட வேண்டும். ஜெனரிக் கம்பெனிக்கு அந்த வேலை இல்லை. தன் மாத்திரையும் ரத்தத்தில் அதே வேகத்தில், அதே அளவு சேர்கிறது என்று நிரூபித்தால் போதும். அதை நிரூபிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இருபது முப்பது ஆரோக்கியமானவர்களை ராத்திரி பட்டினி போட்டு, காலையில் பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, மீதிப் பேருக்கு ஜெனரிக் கொடுக்கிறார்கள். மணிக்கணக்கில் விட்டு விட்டு ரத்தம் எடுத்து, மருந்தின் அளவு ஏறி இறங்குவதை வரைபடமாகப் போடுகிறார்கள். உச்சம் எவ்வளவு, வளைகோட்டுக்குக் கீழே பரப்பு, அதாவது மொத்தமாகச் சேர்ந்த மருந்து, எவ்வளவு என்று பார்க்கிறார்கள். சில நாள் கழித்து, முதல் மருந்து உடம்பை விட்டுப் போனபின், மாத்திரையை மாற்றிக் கொடுத்து மறுபடியும் அதே வேலை. ஆக, ஒவ்வொருவரும் தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறார். ஒருவர் கல்லீரல் வேகம், இன்னொருவர் கல்லீரல் மந்தம் என்ற சிக்கல் அடிபட்டுப் போகிறது.

பிறகு ஜெனரிக் எண்ணை அசல் எண்ணால் வகுக்கிறார்கள். அந்த விகிதத்தின் 90 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான சராசரி விகிதம் இருக்கக்கூடும் என்று கணக்கிடும் வீச்சு) முழுவதும் 80 முதல் 125 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். ஏன் 120 இல்லை? 1ஐ 0.8ஆல் வகுத்துப் பாருங்கள், 1.25 வரும். விகிதத்தைத் தலைகீழாகப் போட்டாலும் அதே வரம்பு நிற்கும். ‘ஜெனரிக்கில் 20 சதவீதம் மருந்து குறைவு’ என்று வாட்ஸ்அப்பில் ஓடுவது இந்த எண்ணைத் தப்பாகப் படித்ததால் வந்த புரளி. இடைவெளி முழுவதும் உள்ளே அடங்க வேண்டுமானால் சராசரி ஓரத்தில் நிற்க வழியே இல்லை.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். பணக்கார நாடுகள் விடாமல் கேட்பது ‘டேட்டா எக்ஸ்க்ளூசிவிட்டி’. அதாவது, முதல் கம்பெனியின் சோதனை முடிவுகளை நம்பி, குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு வேறு யாருக்கும் அனுமதி தரக்கூடாது. அப்புறம் அந்த ரத்தச் சோதனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அசலுக்குச் சமம் என்று காட்டினாலும் அசலின் கோப்பைத் துணைக்கு அழைக்க முடியாது. தானே முழுச் சோதனை நடத்தலாமே என்பார்கள். பலன் தரும் என்று ஏற்கெனவே தெரிந்த மருந்தைப் பாதி நோயாளிகளுக்குத் தராமல் வைத்துச் சோதிப்பதை எந்த டாக்டர் ஒப்புவார்?

காப்புரிமை இல்லாத மருந்தையும் இது கட்டிப்போடும். அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்ட ஜோர்டானை 2007இல் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் ஆராய்ந்தது. 2001க்குப் பின் வந்த, காப்புரிமையே இல்லாத 103 மருந்துகளில் குறைந்தது 79 சதவீதத்துக்கு இதனால் ஜெனரிக் போட்டி இல்லை.

2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்தில் இந்தியா இதற்கு இடம் கொடுக்கவில்லை. சோதனைக்குப் பெருஞ்செலவு என்று கம்பெனிகள் சொல்வது பொய்யில்லை. அதற்காக நோயாளியின் பில்லில் வசூலிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பொதுப்பணத்தில் சோதித்து முடிவைப் பொதுவில் வைக்கலாம். ஆனால் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடாத நாடு நம்முடையது.

மும்பை காப்புரிமை அலுவலகம் இருப்பது நம் ஆட்கள் நிறையப் பேர் வாழும் ஆன்டாப் ஹில்லில்தான். 2012 மார்ச்சில் மும்பையிலிருந்து வந்த உத்தரவுதான் ஜெர்மன் கம்பெனி பேயரின் புற்றுநோய் மருந்து நெக்ஸாவரைச் செய்ய நம் நாட்டு நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரரின் சம்மதம் இல்லாமலே செய்யும் அனுமதி, தந்தது. மாதம் சுமார் 2,80,000 ரூபாய் ஆன மருந்து 8,880க்கு வந்தது. கட்டாய உரிமம் காப்புரிமையை மட்டும்தான் தாண்டும். அன்று டேட்டா எக்ஸ்க்ளூசிவிட்டியும் சட்டத்தில் இருந்திருந்தால், உரிமம் கையில் இருந்தும் அந்தக் கெடு முடியும்வரை மருந்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி நாட்கோவுக்குக் கிடைத்திருக்காது.