தினமும் வரும் கருங்கழுகு

இலங்கை மலையகத்தின் கிரேட் வெஸ்டர்ன் மலைப் பக்கம், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வெயில் ஏறும்வரை நின்றால் கருங்கழுகைப் பார்க்கலாம். உடம்பெல்லாம் கரி, காலும் அலகின் அடியும் மட்டும் மஞ்சள். இந்தக் கழுகுகள் குறைந்து வருகின்றனவோ என்று அங்கே பேச்செடுத்தேன்.

"கழுகு கொறையுதுன்னு யாரு சொன்னா? நாளுக்கு ரெண்டு தரம் இந்தப் பக்கந்தான் போகுது," என்றார் கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் தினமும் போவது ஒரே சோடியாக இருந்தால்?

பருந்து என்றால் உயரப் பறக்கும் என்றுதான் நினைப்போம். கருங்கழுகு அதற்கு நேர்மாறு. மர உச்சிகளை உரசுகிற மாதிரி தாழ்ந்து, விழுந்துவிடுமோ என்று நினைக்கும் அளவுக்கு மெதுவாகப் போகும். அகன்ற சிறகு, நீண்ட வால், விரல்போல் பிரிந்து நிற்கும் சிறகு முனைகள்: அந்த வேகத்திலும் அதைக் காற்றில் தாங்குவது இவைதான். அது தேடுவது கிளைகளுக்குள் ஒளிந்திருக்கும் குருவிக் கூடுகளை. முட்டையும் குஞ்சும் அதன் விருப்ப உணவு. அதிகம் வளையாத நீண்ட நகங்களால் சில வேளை கூட்டையே பெயர்த்துக்கொண்டு போய்விடும். ஆகவே, தேயிலைச் செடிக்கு மேலே அதைக் கண்டாலும், அதன் வயிறு நிறைவது ஓடையோரக் காட்டிலும் மலையுச்சி மரங்களிலும்தான்.

கழுகுகளைத் தலை எண்ணிக் கணக்கெடுப்பது கடினம். இடம் பிடித்துக் கூடு கட்டும் சோடிகளைத்தான் எண்ணுவார்கள். இதில் நன்றாகத் தேறியவர்கள் பொன்னாங்கழுகை ஆராய்பவர்கள். அது நம் தீவில் இல்லாத, வடக்கு நாடுகளின் பறவை. ஸ்கொட்லாந்தில் 2003இல் 442 சோடிகள், 2015இல் 508. உலக அளவில் அதற்கு உடனடி ஆபத்தில்லை. ஆனால் அமெரிக்காவில் பொன்னாங்கழுகையும் வெண்தலைக் கழுகையும் சோதித்து 2022இல் வெளியான ஆய்வில், ஏறக்குறையப் பாதிப் பறவைகளின் எலும்பில் நாட்பட்ட ஈய நஞ்சின் அடையாளம் இருந்தது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடலிலும் இறைச்சியிலும் கிடக்கும் குண்டுத் துகள்தான் முக்கியக் காரணம்.

சோடிக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. இடம் கிடைக்காத, துணை சேராத கழுகுகள் எப்போதும் ஓரமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சோடியில் ஒன்று செத்தால் அவற்றில் ஒன்று வந்து அந்த இடத்தில் உட்காரும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. வருடக்கணக்கில் கணக்கு அப்படியே நிற்கும், உள்ளே இப்படிக் காத்திருக்கும் பறவைகளின் கையிருப்பு மட்டும் கரையும். அது தீரும்போதுதான் சோடிகள் சட்டென்று குறையத் தொடங்கும்.

திரும்ப நிரப்புவதும் லேசில்லை. பொன்னாங்கழுகு பருவமடைய நாலைந்து வருடம் வேண்டும். வழக்கமாக இரண்டு முட்டை. பல நேரம் மூத்த குஞ்சு இளையதைக் கொத்திக் கொன்றுவிடும். கருங்கழுகு பெரும்பாலும் ஒரே முட்டைதான். இப்படிப்பட்ட பறவைக்குக் குஞ்சு ஒன்று சாவதைவிட வளர்ந்த பறவை ஒன்று சாவதே பெரிய அடி. பொன்னாங்கழுகு 30 வயது தாண்டியும் வாழ்ந்ததுண்டு.

இங்கே 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைக்காடு மூன்றும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. எனக்கு அவற்றைவிடக் கவலை, எந்தப் பட்டியலிலும் வராத, தோட்டங்களுக்கு இடையே கிடக்கும் துண்டுக் காடுகள் பற்றித்தான். கூடு வைக்கிற பெரிய மரம் ஒன்று விறகுக்கோ பாதைக்கோ போனால் யாரும் குறித்து வைப்பதில்லை.

கையிருப்பு கரைவதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. இளம் கருங்கழுகின் வயிற்றுப் பக்கம் மங்கிய மஞ்சள் பழுப்பாக இருக்கும். கூடு காக்கும் சோடியிலேயே அந்த நிறம் தென்பட்டால், காத்திருந்த பெரிய பறவைகள் தீர்ந்து சின்னது இடத்துக்கு வந்துவிட்டது என்று சந்தேகப்படலாம்.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "வயித்தையா பாக்கச் சொல்றீங்க?" என்று சிரித்தபடி நெற்றியில் கை வைத்து அண்ணாந்தார். முதலில் வந்தது வயிறு கறுத்த பறவை. பின்னாலேயே இன்னொன்று வந்தது. வெயில் எதிரே இருந்ததால் அதன் நிறம் பிடிபடவில்லை.