‘நம்ம சொந்த ஹார்மோன்தானே, டாக்டர்?’

நாற்பதைத் தாண்டி ஜிம்மில் சேர்ந்தவர்கள் பலர் இப்போது கிளினிக்குக்கு ஒரு கேள்வியோடு வருகிறார்கள். “டாக்டர், இது வளர்ச்சி ஹார்மோன் ஊசி இல்லை, பெப்டைட். நம்ம உடம்பையே சுரக்க வைக்குது. அப்புறம் என்ன பயம்?”

சொல்வதில் பாதி சரி. பெப்டைட் என்பது புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. மூளைக்கு அடியில் உள்ள நம் பிட்யூட்டரி சுரப்பியின் எடை ஏறக்குறைய அரை கிராம். அதற்கு மேலேயுள்ள மூளைப் பகுதியான ஹைப்போதலமஸ், ஜிஎச்ஆர்எச் என்ற 44 அமினோ அமிலச் சங்கிலியை அனுப்பினால் அது வளர்ச்சி ஹார்மோனை விடும். சொமாட்டோஸ்டாட்டின் என்ற இன்னொரு ஹார்மோன் வந்தால் அடங்கும். ஒன்று ஆக்சிலரேட்டர், மற்றது பிரேக். இரைப்பையில் சுரக்கும் கிரெலினும் (1999இல்தான் கண்டுபிடித்தார்கள்) தனி வழியில் இதைத் தூண்டும். ஆகவே ஹார்மோன் நாள் முழுக்க ஒரே சீராக வராது, விட்டுவிட்டு வரும். பெரும்பகுதி முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்தில்தான்.

செயற்கைப் பெப்டைடுகள் இந்த இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றன. செர்மோரெலின், ஜிஎச்ஆர்எச்சின் முதல் 29 அமினோ அமிலங்கள்தான். இபாமோரெலின் கிரெலினுக்குரிய ஏற்பியில் (செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்) ஒட்டும். சுரப்பது நம் பிட்யூட்டரி என்பதால் பிரேக்கும் ஓரளவு வேலை செய்யும். நேரடி ஹார்மோன் ஊசியில் அது நடக்காது. ஆனால் டிஏசி என்ற இணைப்பைச் சேர்த்த சிஜேசி-1295 என்ற பெப்டைட், ரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் உடம்பில் தங்கும். அப்போது இடைவேளைகளிலும் ஹார்மோன் அளவு இறங்காமல் நிற்கும். இயற்கை என்று சொல்லிக்கொள்ள அதில் என்ன மிச்சம்?

எனக்குப் பெரிய கவலை சர்க்கரை. எங்கிருந்து வந்தாலும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராகத்தான் வேலை செய்யும். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம் என்பது தெரிந்ததே. அப்பா, அம்மா இருவருக்குமே சர்க்கரை என்பது நம் வீடுகளில் சகஜம். எம்கே-677 என்ற மாத்திரையைப் பாருங்கள். அது பெப்டைடே இல்லை, ஆனாலும் அதே கூடையில் வைத்து விற்கிறார்கள். 60 வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், கொழுப்பு நீங்கலான எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கூடியது. தசை வலு கூடவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியது. கண்ணாடியில் திருப்தி, ரத்தத்தில் தொல்லை! கை கால் வீக்கம், மூட்டுவலி, விரல் மரத்துப்போவது எல்லாமும் வரலாம். புற்றுநோய் உள்ளவர்கள் தொடவே கூடாது.

மருத்துவத்தில் இவற்றுக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். இதே வகைப் பெப்டைடான டெசமோரெலினை அமெரிக்கா 2010இல் அனுமதித்தது, எச்ஐவி நோயாளிகளின் வயிற்றுக்குள் சேரும் கொழுப்புக்காக. பொதுவாக எடை குறைக்க அல்ல.

இணையத்தில் விற்கும் குப்பியில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்றிருக்கும். உள்ளே என்ன, எவ்வளவு, கிருமி நீக்கியதா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. சுகாதார அறிவியல் ஆணையத்தில் பதிவாகாத மருந்தை இங்கே விற்பது குற்றம். விளையாட்டுப் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு இந்த வகை முழுவதுமே தடை, போட்டி இல்லாத நாட்களிலும்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் கூச்சப்படாமல் குப்பியோடு வாருங்கள். திட்டமாட்டேன். எச்பிஏ1சி (சில மாதச் சராசரி சர்க்கரை), வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்டும் இன்னொரு ஹார்மோன்) மூன்றையும் பார்த்துவிடலாம். சோர்வும் தூக்கக் குறைவும்தான் உங்கள் காரணம் என்றால் குறட்டையையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று பார்ப்பதுதான் அங்கே முதல் வேலை.