மிதிக்க மிதிக்க இழுக்காத டிராக்டர்

"வாங்கி மூணு மாசம்கூட ஆகலைங்க, மண்ணுல மாட்டினா இழுக்கவே மாட்டேங்குது" என்று ஒருவர் வந்தார். ஹைட்ரோஸ்டாடிக் வண்டி, அதாவது பம்பு தள்ளும் ஆயில் ஒரு மோட்டாரைச் சுழற்றி ஓட்டும் டிராக்டர். முன்னால் லோடர். ஓட்டிக் காட்டச் சொன்னேன். பக்கெட் மண்ணில் இறங்கியதும் இன்ஜின் திணறியது. அவர் பெடலை இன்னும் அழுத்தினார். இன்ஜின் நின்றே போனது.

நான் ஏறி, ரேஞ்ச் லீவரை லோவில் போட்டு, ஆர்பிஎம்மை ஏற்றி வைத்தேன். திணறல் வரும்போதெல்லாம் பெடலில் இருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தினேன். அதே மண்ணைத் தள்ளிக்கொண்டு போனது. வண்டியில் ஒரு பழுதும் இல்லை.

பலர் அந்தப் பெடலை ஆக்ஸிலரேட்டர் என்றே நினைக்கிறார்கள். அது உண்மையில் பம்புக்குள் இருக்கும் சாய்தட்டின் கோணத்தை மாற்றுகிறது. அதிகம் மிதித்தால் தட்டு அதிகம் சாயும், பிஸ்டன்கள் ஒரு சுற்றில் அதிக ஆயிலைத் தள்ளும், மோட்டார் வேகமாகச் சுழலும். கியர் வண்டியில் டாப் கியர் போடுவதற்குச் சமம். மேடு ஏறும்போது யாராவது டாப் கியர் போடுவார்களா? காலைத் தளர்த்துவதுதான் இங்கே கியரைக் குறைப்பது.

சரி, ஹைட்ரோஸ்டாடிக்கா, கியர் வண்டியா, எதை வாங்குவது? குதிரைத்திறனைச் சொல்லிவிட்டு இதைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை முன்னும் பின்னும் போவீர்கள்? லோடர் வேலை, புல்வெட்டு, மரங்களுக்கு நடுவே வளைந்து நெளியும் வேலை என்றால் ஹைட்ரோஸ்டாடிக். பிடிஓவை, அதாவது இணைத்த கருவியைச் சுழற்றும் தண்டை, நிமிடத்துக்கு 540 சுற்றில் நிறுத்தி வைத்துவிட்டு, வண்டியை மட்டும் ஊர்ந்து போக வைக்கலாம். இந்த வேலைகளைக் கியர் வண்டியில் பாதி கிளட்சில் கால் வைத்தபடியே செய்து, பிளேட்டைக் கருக்கிக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர்.

உழவு, பாரம் ஏற்றிய டிரெய்லர் இவைதான் பெரும்பங்கு என்றால் கியரே போதும். பல்லோடு பல் கடிக்கும் கியரில் சக்தி அதிகம் வீணாகாது. ஆயில் வழியாகப் போகும் சக்தியில் ஒரு நல்ல பங்கு சூடாகவே போய்விடும். நாள் முழுக்க இழுக்கும்போது அது டீசலில் தெரியும். விலையும் கியருக்குத்தான் குறைவு.

ஹைட்ரோஸ்டாடிக் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சரிவில் இன்ஜினை அணைத்துவிட்டு, "அதான் பெடலை விட்டாச்சே" என்று இறங்காதீர்கள். உள்ளே ஆயில் சிறிதளவு கசிந்துகொண்டே இருக்கும், வண்டி மெல்ல நகரும். பார்க்கிங் பிரேக் கட்டாயம். அடுத்தது ஆயில். கையேடு சொல்லும் ஆயிலைத் தவிர வேறு ஊற்ற வேண்டாம். முதல் ஃபில்டரைப் பெரும்பாலான கையேடுகள் 50 மணி நேரத்திலேயே மாற்றச் சொல்கின்றன. புது வண்டியின் உலோகத் துகள் அதில்தான் சேரும். அதைத் தள்ளிப்போட்டவர்களின் பம்பைத்தான் நான் பிரித்துப் பார்க்க நேர்கிறது. கியர்பாக்ஸ் என்றால் தேய்ந்த பல்சக்கரத்தை மட்டும் மாற்றிவிடலாம். பம்பில் கீறல் விழுந்துவிட்டால் பெரும்பாலும் முழு யூனிட்டையும்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய ஹைட்ரோஸ்டாடிக் வண்டி பார்க்கப் போனால், குளிர்ந்த நிலையில் ஓட்டிப் பார்த்துக் கைகொடுத்துவிடாதீர்கள். ஆயில் கெட்டியாக இருக்கும்வரை தேய்ந்த பம்பும் இழுக்கும். அரை மணி நேரம் வேலை வாங்கி, நன்றாகச் சூடேறிய பிறகு மேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.