நாய்க்கு ஏன் இரைக்கிறது? ஈரக் காற்றில் ஓடும் உடலின் வெப்பக் கணக்கு

20 கிலோ எடையுள்ள நாயொன்று பந்தின் பின்னால் ஓடி ஓடி, அதன் உடல் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு டிகிரியை இறக்குவதற்கு ஏறத்தாழ 70 கிலோஜூல் வெப்பம் உடலைவிட்டு வெளியேற வேண்டும். உடல் சூட்டிலுள்ள ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. ஆகவே 29 கிராம் நீர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு, ஆவியானால் கணக்கு தீர்ந்துவிடும். நன்றாக வியர்க்கும் மனிதருக்கு நெற்றியும் முதுகுமே அந்த இரண்டு கரண்டியைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். நாயின் தோலுக்கு அந்த வசதி கிடையாது. அந்த வேலையில் பெரும்பங்கை அதன் மூக்கும் வாயுமே செய்தாக வேண்டும் என்பதால்தான், சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்காவின் நாய்த் திடலில் மாலை நேரத்தில் நிற்கும் நாய்களில் நாக்கைத் தொங்கப்போடாத ஒன்றைக் காண்பது அரிதாக இருக்கிறது.

நாய்க்கு வியர்வையே இல்லை என்று சொல்வதும் சரியன்று. நம் உடல் முழுவதும் பரவிக் கிடக்கும் நீர்த்த வியர்வைச் சுரப்பிகள் நாய்க்குப் பாதத்தின் அடித்திண்டுகளில் மட்டுமே ஒழுங்காக அமைந்துள்ளன. விலங்கு மருத்துவரின் எஃகு மேசையில் ஏற்றி நிறுத்தப்பட்ட நாயை அப்புறப்படுத்தியதும், அது நின்ற இடத்தில் நான்கு ஈரத் தடங்கள் பளபளப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். குளிரூட்டப்பட்ட அறையில் வரும் அந்த வியர்வைக்குக் காரணம் வெப்பமன்று, அச்சம். வெப்பத்தில் அந்தச் சுரப்பிகள் சுரந்தாலும், அவற்றின் பரப்பு சிறிது. அதுவும் தரையோடு ஒட்டிக் கிடப்பது. உடலைக் குளிர்விப்பதில் அவற்றின் பங்கு சொற்பம்.

நாய்க்கு நாக்கில்தான் வியர்க்கிறது என்பது நம்மிடையே வழங்கும் விளக்கம். இது பாதி உண்மைதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உடலியலாளர் கனுட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய குழுவினரும் 1970-இல் வெளியிட்ட ஆய்வு, இரைக்கும் நாயின் காற்று எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியே வருகிறது என்பதை அளந்தது. வாய் அகலத் திறந்திருந்தபோதும் நாய் ஏறக்குறைய முழுக் காற்றையும் மூக்கின் வழியாகவே உள்ளிழுத்தது. வெளிவிடும் காற்றில் சராசரியாகக் கால் பங்கு மட்டுமே மூக்கின் வழியே திரும்பியது. மீதி வாய்வழியே போயிற்று. மூக்கில் நுழைந்த காற்று அங்கேயே சூடேறி ஈரத்தையும் வாங்கிக்கொள்கிறது. அது வந்த வழியே திரும்பினால், ஆவியாதலால் குளிர்ந்திருக்கும் மூக்கின் சுவர்களில் அந்த நீராவியின் ஒரு பகுதி மறுபடியும் படிந்து, எடுத்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். வாய்வழியே விட்டால் அந்த வெப்பம் போனது போனதுதான். வெப்பம் குறைவாக வெளியேறினால் போதும் என்ற நிலையில் நாய் மூக்கின் பங்கைக் கூட்டுகிறது; அவசரம் என்றால் வாயின் பங்கைக் கூட்டுகிறது. தன் உடலின் வெப்பப் போக்கை இவ்வளவு நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டை, நாக்கை மட்டும் பார்த்து நாம் குறைத்து மதிப்பிட்டுவிடுகிறோம்.

மூக்கின் உள்ளமைப்பும் இதற்கு ஏற்றதாகவே இருக்கிறது. நாயின் மூக்கறைக்குள் காகிதம்போல் மெல்லிய எலும்புகள் சுருள் சுருளாக மடிந்து கிடக்கின்றன. அவற்றின் மேல் இரத்த நாளங்கள் நிறைந்த ஈரச் சவ்வு போர்த்தியிருக்கிறது. அந்தச் சவ்வு காய்ந்துவிடாமல் நீர் ஊட்டுவதற்கென்றே மூக்கின் பக்கவாட்டில் ஒரு சுரப்பி உண்டு. 1972-இல் நடந்த ஆய்வொன்றில், காற்று 10 டிகிரியாக இருந்தபோது அந்தச் சுரப்பியில் நீரே ஊறவில்லை. காற்று சூடேற ஏற அதன் சுரப்பும் ஏறிக்கொண்டே போயிற்று. நாக்கிலும் இரத்த ஓட்டம் பெருகுகிறது. அது அகன்று, சிவந்து, பக்கவாட்டில் தொங்குவது அதனால்தான்.

சாதாரணமாக நிமிடத்துக்கு இருபது முப்பது முறை மூச்சுவிடும் நாய், இரைக்கத் தொடங்கியதும் 300 முறைக்கு மேல் மூச்சுவிடுகிறது. இவ்வளவு வேகமாகத் தசைகள் வேலை செய்தால், அந்த வேலையே புதிய வெப்பத்தை உண்டாக்கிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. நெஞ்சுக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் மீள்தன்மை உண்டு. ஊஞ்சலுக்கு இருப்பதுபோல் அவற்றுக்கும் ஓர் இயல்பான அசைவு வேகம் இருக்கிறது. நாய் இரைக்கும் வேகம் அந்த இயல்பான வேகத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது என்பதை 1962-இல் வெளியான அளவீடுகள் காட்டின. சரியான நேரத்தில் சிறு தள்ளல் கொடுத்தால் போதும், மீதியை மீள்தன்மை பார்த்துக்கொள்ளும். மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் நாய், இடைப்பட்ட வேகங்களில் தங்காமல் சட்டென்று இரைப்புக்குத் தாவுவதன் காரணமும் இதுதான். அந்த மூச்சுகள் ஆழமற்றவை. காற்று பெரும்பாலும் மூக்கு, வாய், மூச்சுக்குழல் ஆகியவற்றுக்குள்ளேயே போய்வருகிறது. நுரையீரலின் ஆழத்துக்குப் போனால், இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடும். கடும் வெப்பத்தில் தவிக்கும் நாய்க்கு அந்தக் கோளாறும் சேர்ந்தே வருகிறது.

நாயின் மூளைக்கும் இந்த ஏற்பாட்டில் தனிச் சலுகை உண்டு. மூக்கிலும் வாயிலும் குளிர்ந்த இரத்தம் திரும்பிப் போகும் வழியில், மூளையின் அடிப்பகுதியில், மூளைக்கு ஏறிச்செல்லும் தமனிகளைச் சூழ்ந்து கடக்கிறது. அங்கே வெப்பம் கைமாறுகிறது. ஓடும் நாயின் மூளை, அதன் கழுத்துத் தமனியில் ஓடும் இரத்தத்தைவிடக் குளிர்ந்திருப்பதை 1977-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர்.

இனிச் சிங்கப்பூர்க் காற்றுக்கு வருவோம். இங்கே ஒப்பு ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்குகிறது. இதை வைத்துக்கொண்டு, காலையில் காற்று ஈரமாக இருப்பதால் நாய்க்குக் காலை நடைதான் கடினம் என்று வாதிடுபவர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் விழுக்காட்டைப் பார்க்கிறார்கள், நீராவியைப் பார்ப்பதில்லை. மூக்கினுள் நுழையும் காற்று உடல் சூட்டை எட்டிவிடுவதால், வெளியே அது எத்தனை விழுக்காடு நிறைந்திருந்தது என்பது பொருட்டன்று. ஒரு கன மீட்டரில் எத்தனை கிராம் நீராவியை ஏற்கெனவே சுமந்து வந்தது என்பதே கணக்கு. 38 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 46 கிராம் நீராவியை ஏந்தும். காலை 25 டிகிரியில் 95 விழுக்காடு ஈரமான காற்றில் ஏறத்தாழ 22 கிராம் இருக்கிறது. பிற்பகல் 32 டிகிரியில் 60 விழுக்காடு ஈரமான காற்றில் 20 கிராம். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எந்நேரமானாலும் இந்தத் தீவின் காற்று நாயின் மூக்கிலிருந்து கன மீட்டருக்குச் சுமார் 25 கிராம் நீரைத்தான் கூடுதலாக வாங்கிக்கொள்ள முடியும். தொடக்கத்தில் சொன்ன 29 கிராமுக்கு, எல்லாம் பிசகின்றி நடந்தாலும், ஏறத்தாழ 1,200 லிட்டர் காற்று வேண்டும். 38 டிகிரி வெயிலில் 25 விழுக்காடு ஈரப்பதம் மட்டுமே உள்ள வறண்ட ஊரில் அதே வேலைக்கு 850 லிட்டர் போதும். அந்த ஊரில் வெயில் கொளுத்தும் என்பது வேறு கதை. ஆனால் இரைப்பின் பலன் மூச்சுக்கு மூச்சு அங்கேதான் அதிகம்.

அப்படியானால் காலை நடை ஏன் நல்லது? நீரை ஆவியாக்காமலேயே வெப்பத்தை இழக்கும் வழிகள் காலையில் திறந்திருப்பதால்தான். 38 டிகிரிக்கு மேலிருக்கும் உடலுக்கும் 25 டிகிரிக் காற்றுக்கும் இடையே 13 டிகிரி இடைவெளி உண்டு. பிற்பகலில் அது 6 டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. காலையில் வெயிலின் நேரடிக் கதிரும் இல்லை, தார்ச்சாலையும் ஆறிக் கிடக்கிறது. மாலை 5 மணிக்குக் காற்று சற்றுத் தணிந்திருக்கலாம், பகல் முழுதும் வெயில் குடித்த நடைபாதை தணிவதில்லை. நம் முகம் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிறு நாயின் வயிறோ தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. கடைத்தொகுதிகளில் நாயைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிச் செல்பவர்களைப் பார்த்து நம்மவர்கள் சிரிப்பதுண்டு. நடக்கத் தெரிந்த விலங்குக்கு வண்டி எதற்கு என்ற கேள்வியில் நியாயம் இருந்தாலும், பிற்பகல் 3 மணிக்குப் பேருந்து நிறுத்தம்வரை போவதற்கு அந்த வண்டி மோசமான யோசனையன்று.

2023-இல் சிங்கப்பூர் அறிமுகப்படுத்திய வெப்ப அழுத்த அறிவுரை, காற்றின் வெப்பம், ஈரம், காற்றோட்டம், வெயில் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. அந்த அளவு 31 டிகிரிக்குக் கீழ் என்றால் குறைவு. 33-ஐ எட்டினால் அதிகம். அது வியர்க்கும் மனிதர்களுக்காக வகுக்கப்பட்டது. ஆயினும் வெறும் வெப்பநிலையைப் பார்ப்பதைவிட அதைப் பார்த்துவிட்டு நாயை அழைத்துச் செல்வது மேல்; நமக்கு 'அதிகம்' என்று காட்டும் நேரம், உடல் முழுதும் வியர்க்காத விலங்குக்கு அதைவிடக் கடினமானது என்று கொள்வதில் தவறில்லை.

வெயிலைப் பற்றி இவ்வளவு பேசினாலும், உண்மையான ஆபத்து பெரும்பாலும் நாயின் உடலுக்குள்ளிருந்தே வருகிறது. தசை செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்குக் குறையாதது வெப்பமாகவே வெளிப்படுகிறது. வெப்பத்தால் பாதிக்கப்பட்டு விலங்கு மருத்துவர்களிடம் கொண்டுவரப்பட்ட பிரிட்டிஷ் நாய்களைப் பற்றி 2020-இல் வெளியான ஆய்வு, ஏறக்குறைய நான்கில் மூன்று நிகழ்வுகளுக்கு உடலுழைப்பே காரணம் என்று கண்டது. பூட்டிய காரில் அடைபட்டவை அவற்றில் சிறு பங்கே. பிரிட்டனின் குளிரிலேயே இந்நிலை. நிழலடர்ந்த ரயில் காரிடார் பாதையில், சூரியன் மறைந்த பிறகும், மெதுவோட்டக்காரரின் பின்னால் ஓடும் நாய்க்குச் சூடேற வெயில் தேவையில்லை. பழைய மலாயா ரயில் தடமான அந்தப் பாதை 24 கிலோமீட்டர் நீளம். எசமானர் நிற்கும்வரை நாயும் நிற்காது. களைப்பை மறைத்து ஓடும் அந்தப் பற்றுதான் இங்கே நாய்க்கு எதிரியாகிவிடுகிறது. பந்தை எறிந்தால் எடுத்துவரும் இனங்கள், எறிபவரின் கை ஓயும்வரை ஓடும்.

நிறுத்த வேண்டிய நேரத்தைக் காட்டும் அறிகுறிகளில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. இரைக்கும்போது நாயால் ஒழுங்காக முகர முடியாது. இரண்டு வேலையும் ஒரே மூக்கைக் கேட்கின்றன. கடுமையாக ஓடவிடப்பட்டு இரைத்த மோப்ப நாய்களின் கண்டுபிடிக்கும் திறன் குறைந்ததை 2003-இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு காட்டியிருக்கிறது. வழக்கமாக ஒவ்வொரு புல்லையும் விளக்குக் கம்பத்தையும் விசாரித்துச் செல்லும் நாய், எதையும் முகராமல் நேராக நடக்கத் தொடங்கினால், அதன் மூக்கு முழுநேரமும் குளிர்விப்பு வேலைக்குப் போய்விட்டது என்று கொள்ளலாம். நாக்கின் நுனி அகன்று கரண்டிபோல் வளைவதும், கடைவாய் பின்னுக்கு இழுபட்டுப் பற்கள் தெரிவதும் அடுத்த கட்டம். அதைச் சிரிப்பு என்று படம்பிடிப்பவர்கள் படத்தை எடுத்துவிட்டு நிழலுக்குப் போகட்டும்.

மூக்கே குளிர்விப்புக் கருவி என்றால், மூக்குக் குட்டையான நாய்களின் நிலை சொல்லாமலே விளங்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட இனங்களில் பக், ஷிட்சு போன்றவை அடங்கும். அவற்றின் முகம் தட்டையாக வளர்த்தெடுக்கப்பட்டபோது, மூக்கறை குறுகியது. உள்ளே கிடக்கும் சுருள் எலும்புகளுக்கு இடமில்லாமல் போயிற்று. வாயின் மேற்கூரையில் பின்பக்கமுள்ள மென் அண்ணம் மட்டும் நீளமாகவே தங்கி மூச்சுப்பாதையை அடைக்கிறது. காற்றை இழுப்பதற்கே தசை பாடுபட வேண்டியிருப்பதால், இரைப்பே அவற்றுக்கு வெப்பத்தைக் கூட்டுகிறது. 900,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் நாய்களின் பதிவுகளை ஆராய்ந்த இன்னோர் ஆய்வு, நடுத்தர முகமுள்ள நாய்களோடு ஒப்பிட்டால் தட்டை முகமுள்ளவற்றுக்கு வெப்பப் பாதிப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றது. நம் தெருக்களில் பிறந்து தத்தெடுக்கப்படும் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' நாய்கள், நீண்ட மூக்கு, குட்டை மயிர், ஒல்லி உடல் ஆகிய மூன்றோடும் வருவதால், இந்த வானிலைக்கு அவையே பொருத்தம் என்பது என் கருத்து.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உயிராபத்து. உமிழ்நீர் பிசினாகக் கெட்டியாவது, ஈறு செக்கச் சிவப்பது, தள்ளாடுவது, வாந்தி எடுப்பது ஆகியவை தெரிந்தால் அந்த இடத்திலேயே வேலை தொடங்க வேண்டும். சூட்டோடு சூடாகத் தலையில் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது வழக்கம். குளிர்ந்த நீர் தோலின் இரத்த நாளங்களைச் சுருக்கி வெப்பத்தை உள்ளே பூட்டிவிடும் என்று அதற்கு அறிவியல் சாயம் பூசுபவர்களும் உண்டு. இன்றைய மருத்துவ அறிவுரை இதற்கு நேர்மாறானது. நல்ல உடல்நிலையிலுள்ள இளம் நாயை, தலை மட்டும் மேலே இருக்குமாறு பிடித்துக்கொண்டு, குளிர்ந்த நீரில் அமிழ்த்தலாம். முதிய நாய்க்கும் நோயுள்ள நாய்க்கும் உடல் முழுதும் நீர் ஊற்றி விசிற வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்திவிடுவது கூடாது. துண்டுக்கு அடியில் காற்றோட்டம் நின்று, ஆவியாதலும் நின்றுவிடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணி நாய்களை வைத்து நடத்தப்பட்டு 2024-இல் வெளியான சோதனையில், உழைத்துச் சூடேறிய நாய் தானாகவே தலையை நீரில் அமிழ்த்தி எடுக்கப் பழக்கப்பட்டிருந்தபோது அதன் உடல் வெப்பம் விரைவாக இறங்கியது. இது நினைவோடு தெளிவாக இருக்கும் நாய் தானாகச் செய்ய வேண்டியது. தள்ளாடும் நாயின் தலையை நாம் நீரில் அழுத்தக் கூடாது.

குளிர்வித்த பிறகே வண்டி பிடிக்க வேண்டும். பிரிட்டனில் வெப்பத்தால் பாதிக்கப்பட்டுக் கொண்டுவரப்பட்ட நாய்களில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்டவைதாம் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே குளிர்விக்கப்பட்டிருந்தன. வெப்பம் இறங்கி, நாய் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகம், கல்லீரல், இரத்தம் உறையும் முறை ஆகியவற்றில் நேர்ந்த சேதம், ஓரிரு நாள் கழித்துத் தலைகாட்டுவதுண்டு.